அந்தப் பட்டை யாருடையது? சைக்ளின், சிடிகே ஆன்டிபாடி கேள்வி-பதில்

சைக்ளினும் சிடிகேயும் செல் பிரிவை நடத்தும் ஜோடிப் புரதங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் செல்லின் புரதங்களை ஜெல்லில் எடை வாரியாகப் பிரித்து, ஒரு புரதத்தை மட்டும் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடியைப் போட்டால், அது ஒரு பட்டையாகத் தெரியும்.

சைக்ளின் பி1-இன் கணக்கிட்ட எடை 48 கிலோடால்டன். எனக்குப் பட்டை 55-க்கு மேலே வருகிறது. ஆன்டிபாடி தவறா?

இல்லை. ஜெல்லில் அது 55, 60 பக்கம்தான் ஓடும். ஆனால் சரியான இடத்தில் ஒரு பட்டை நிற்பதாலேயே அது உங்கள் புரதம் ஆகிவிடாது. கீழே படியுங்கள்.

செல்லைப் பிரிவின் நடுவே (மைட்டோசிஸில்) நிறுத்தும் நோகோடசோல் மருந்தைப் போட்டு இரவு முழுக்க வைத்தேன். சைக்ளின் பி1 அதிகரிக்கவே இல்லை. மருந்து கெட்டுவிட்டதா?

எந்த செல், எவ்வளவு மருந்து, மீடியத்தை (செல் வளர்ந்த திரவத்தை) என்ன செய்தீர்கள் என்று ஒன்றையும் எழுதவில்லை. மீடியத்தைக் கொட்டியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். மைட்டோசிஸில் சிக்கிய செல்கள் உருண்டு, தட்டிலிருந்து பிடி விட்டு மிதக்கும். தேடி வந்ததையே சாக்கடையில் விட்டுவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை லைஸ் செய்தால் (உடைத்தால்) எப்படிக் கூடும்? மீடியம், கழுவிய பஃபர் இரண்டையும் சேர்த்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுங்கள்.

சிடிகே1-இன் 15-ஆம் இடத்து டைரோசினில் பாஸ்பேட் ஏறியிருந்தால் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடியில் பின்னணி முழுக்கக் கறுப்பு. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதிருக்க, பாலில்தான் பிளாக் செய்கிறேன்.

பாலை விடுங்கள். அதிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். 5% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் அல்புமின்) போடுங்கள். பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளை அடக்க, லைசிஸ் பஃபரில் வனடேட்டும் ஃப்ளூரைடும் இருக்கட்டும். வீ1 என்ற நொதி வைக்கும் இந்தப் பாஸ்பேட்டை மைட்டோசிஸ் தொடங்கும்போது சிடிசி25 என்ற நொதி எடுத்துவிடும். ஆகவே நோகோடசோல் மாதிரியில் அது குறைந்தால் பதறவேண்டாம். இன்னொன்று: சிடிகே2-இலும் அந்த இடத்தின் வரிசை அச்சு அசலாக அதேதான். இரண்டையும் சேர்த்தே பார்க்கிறீர்கள்.

சிடிகே1-க்கு லோடிங் கன்ட்ரோலாக (எல்லா மாதிரியிலும் ஒரே அளவு புரதம் போட்டதைக் காட்டும் ஒப்பீடாக) ஜிஏபிடிஎச் புரதத்தைப் போடலாமா?

வேண்டாம். சிடிகே1-இன் 34-உம் ஜிஏபிடிஎச்சின் 37-உம் ஒட்டிக்கொள்ளும். எடையில் தள்ளி நிற்கும் வின்குலின் போடுங்கள்.

விற்பனையாளரின் தாளில் "சரிபார்க்கப்பட்டது" என்றே போட்டிருக்கிறது. நாங்களும் ஏன் சோதிக்க வேண்டும்?

இதே கேள்வி மாதா மாதம் வருகிறது. அந்தத் தாளில் இருக்கும் படத்தை உற்றுப் பாருங்கள். பல நேரம் அது புரதத்தை அளவுக்கு மீறி உருவாக்க வைத்த செல்லின் லைசேட். அவ்வளவு புரதம் கொட்டிக் கிடந்தால் சுமாரான ஆன்டிபாடியும் அழகான பட்டை காட்டும். உங்கள் செல்லில் அது சொற்பம். அருகில் ஆயிரக்கணக்கான வேறு புரதங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். செல் பிரிவைத் தடுக்கும் பி27 புரதத்துக்கென்று வாங்கிய ஒரு பாலிகுளோனலில் (விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடிக் கலவையில்) 27-இல் கச்சிதமாக ஒரு பட்டை வந்தது. செல்லை வளரத் தூண்டும் சீரத்தை நிறுத்தினால், பி27 ஏற வேண்டியபடியே ஏறவும் செய்தது. ஏறக்குறைய எட்டு மாதம் அதன் பின்னால் ஓடினேன். பிறகு பி27 ஜீனே இல்லாத செல்லில் போட்டேன். பட்டை அசையாமல் அப்படியே நின்றது. எட்டு மாத ஜெல்லும் குப்பைக்குப் போனது. அந்தச் சோதனையை முதல் வாரமே செய்திருக்கலாம்.

பி27, அதன் உறவுப் புரதமான பி21 என்றால் நாக்அவுட் செல் (அந்த ஜீனை நீக்கிய செல்) உயிரோடு இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். சைக்ளின் பி1, சிடிகே1 இரண்டும் இல்லாமல் செல் பெருகாது; எனவே அந்தப் புரதம் உருவாவதை அடக்கும் இரண்டு வெவ்வேறு எஸ்ஐஆர்என்ஏ கொண்டு குறைத்து, பட்டையும் குறைகிறதா என்று பாருங்கள். லாட் எண் மாறினால் திரும்பவும் செய்யுங்கள்: பாலிகுளோனல் என்பது விலங்குக்கு விலங்கு வேறு கலவை. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ஆன்டிபாடியை ஓயாமல் தரும் ஹைப்ரிடோமா செல்லைத் தந்த பின் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது. வரிசை தெரிந்த, ஜீனிலிருந்தே தயாரிக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி கிடைத்தால் அதையே எடுங்கள்.

சைக்ளின் பி1-ஐ எலி ஆன்டிபாடியால் பிடித்துப் பிரித்தெடுத்து (ஐபி செய்து), அதே எலி ஆன்டிபாடியில் பிளாட் செய்தால் 55-இல் தடித்த பட்டை. வெற்றிதானே?

அது ஐபி-க்குப் போட்ட ஆன்டிபாடியின் (ஐஜிஜி) கனச் சங்கிலி. பிளாட்டுக்கு முயல் ஆன்டிபாடி எடுங்கள், அல்லது லேசான சங்கிலியை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துப் பட்டையைக் காட்டுவது). பி27-க்கு இந்த இரண்டாவது வழி உதவாது. லேசான சங்கிலி 25-இல் வந்து அதையே மறைக்கும்.

இரண்டாம் ஆன்டிபாடியில் கெடாமலிருக்க சோடியம் அசைடு போட்டு வைக்கலாமா?

பட்டையைக் காட்டும் எச்ஆர்பி நொதி இணைத்ததில் கூடவே கூடாது. அசைடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும்.

இம்யூனோஃப்ளூரசன்ஸில் (ஒளிரும் சாயமுள்ள ஆன்டிபாடியால் செல்லையே பார்ப்பதில்) சில செல்களில் மட்டும் சைக்ளின் பி1 தெரிகிறது. சாயம் சரியாக ஏறவில்லையா?

ஏறியிருக்கிறது. எல்லா செல்லிலும் ஒரே மாதிரி தெரிந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இது மைட்டோசிஸுக்கு முந்தைய ஜி2 கட்டத்தில் சைட்டோபிளாசத்தில் சேர்ந்து, மைட்டோசிஸ் தொடக்கத்தில் நியூக்ளியஸுக்குள் போய், குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும் மெட்டாஃபேஸில் அழிக்கப்படும் புரதம். 1982-இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்டதும் இப்படி ஏறி மறைகிற ஒரு பட்டையைத்தான். எஸ்ஐஆர்என்ஏ போட்ட தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.