சூட்டில் பிடிக்காத வான்: பம்ப்பை மாற்றமுன் ரிலேயைப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் டொயோட்டா டவுன் ஏஸ் நோவா பெற்றோல் வான் இருக்கிறது. மத்தியான வெயிலில் மல்லாவியிலிருந்து வெளிக்கிட்டு, முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட நிறுத்தினால் திரும்ப ஸ்ரார்ட் ஆகுதில்லை. எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அரை மணித்தியாலம் விட்டால் பிடிக்கிறது. பெற்றோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். ரிலே பழுதாக இருக்குமா? எங்கே இருக்கிறது, எப்படிச் சோதிப்பது?

பதில்: இருக்கலாம். ரிலே என்பது பம்ப்புக்குக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன மின் சுவிட்ச். அதற்குள் ஈய ஒட்டு வெடித்திருந்தால் சூட்டில் தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் திரும்ப வரும். ஆனால் தேய்ந்த பம்ப் மோட்டரும் இக்னிஷன் கொயிலும் இதே விளையாட்டைக் காட்டும். அதனால் வான் பிடிக்காமல் நிற்கிற அந்த நேரத்திலேயே சோதியுங்கள். ஆறவிட்டுக் கராஜுக்குக் கொண்டுபோனால் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், பிறகு ஊகத்தில்தான் சாமான் மாற்றுவார்கள்.

(இதே வானில் டீசலும் உண்டு. சசி இலக்கம் 'சீஆர்' என்று தொடங்கினால் அது டீசல், கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.)

முதலில் காது கொடுங்கள். பெற்றோல் தாங்கியின் மூடியைக் கழற்றி ஒருவர் கேட்க, மற்றவர் திறப்பை ஸ்ரார்ட்டில் பிடிக்கட்டும். மெல்லிய 'உம்ம்' சத்தம் வந்தால் பம்ப் ஓடுகிறது, ரிலேயை விட்டுவிட்டு ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். திறப்பை ஓனில் மட்டும் வைத்துக் கேட்டுவிட்டு "பம்ப் செத்துப்போச்சு" என்று முடிவெடுக்கக் கூடாது. புதிய வாகனங்களில் ஓன் செய்ததும் பம்ப் இரண்டு செக்கன் ஓடும். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் எஞ்சின் சுற்றும்போதுதான் ஓடும். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

ரிலேயைத் தேடும்போது பலர் ஏமாறுவது பெயரில். டொயோட்டாவில் அதற்கு 'சேர்கிட் ஓப்பினிங் ரிலே' என்று பெயர், பியூஸ் பெட்டி மூடியில் பெரும்பாலும் 'பம்ப்' என்ற சொல்லே இருக்காது. அதற்கு முன்னால் 'ஈஎஃப்ஐ' (பெற்றோலைப் பீச்சும் எலெக்ட்ரோனிக் அமைப்பு) மெயின் ரிலே ஒன்றும் உண்டு, அது விட்டாலும் பம்ப் ஓடாது. இடம் மொடலுக்கு மொடல் மாறும். டாஷ்போர்டின் கீழுள்ள பியூஸ் பெட்டி, அதன் பின்பக்கம், கால் வைக்கும் இடத்தின் பக்கத்துத் தகடு, எஞ்சின் பக்கப் பெட்டி என்ற ஒழுங்கில் பாருங்கள். மூடியில் ஜப்பான் எழுத்து மட்டும் இருந்தால், ஒவ்வொரு ரிலேயிலும் விரலை வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். 'டிக்' என்று அடிப்பவற்றைக் குறித்துக்கொண்டு தேடலைச் சுருக்கலாம்.

ஆனால் 'டிக்' என்ற சத்தத்தை நம்பி ரிலேக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். ரிலேக்குள் இருக்கும் காந்தக் கொயில் இழுப்பதற்குத்தான் அது சாட்சி, கரண்ட் போகும் தொடுமுனை கருகியிருந்தால் சத்தம் வரும், கரண்ட் போகாது. திறப்பை ஓஃப் செய்து ரிலேயைக் கழற்றுங்கள். சாதாரண நாலு கால் ரிலேயில் 85, 86 கொயில், 30, 87 தொடுமுனை. இந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் மூடியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். மல்ரிமீற்றரில் கொயில் பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் வரை காட்டும். முடிவிலி (அளவு கடந்த ஓம்) என்று காட்டினால் கொயில் அறுந்துவிட்டது. கொயிலுக்கு 12 வோல்ற் கொடுத்து, தொடுமுனை வழியாக ஒரு 21 வாற் இண்டிகேற்றர் பல்பை எரியவிடுங்கள். மீற்றர் மிகச் சிறிய கரண்டில் அளப்பதால் கருகிய முனையையும் நல்லதென்று காட்டிவிடும், பல்பிடம் அந்த ஏமாற்று நடக்காது. மங்கினாலோ, ரிலேயைத் தட்டும்போது சிமிட்டினாலோ அதை எறியுங்கள்.

ரிலே நல்லதென்றால் பம்ப்பை நேரடியாக ஓட்டிப் பாருங்கள். பல டொயோட்டாக்களின் சோதனைக் கனெக்டரில் 'எஃப்பீ', 'பிளஸ் பீ' என்று இரண்டு துளைகள் உண்டு. திறப்பு ஓனில் இருக்க, 15 அம்பியர் பியூஸ் போட்ட வயரால் இரண்டையும் இணைத்தால் பம்ப் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பியூஸ், மெயின் ரிலே, வயர், பம்ப் என்று தேடுங்கள். எலி கடித்த வயரை மறக்க வேண்டாம். ஓடினால் ரிலேயின் கொயிலுக்கு வரும் கட்டளையைப் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போது கொம்பியூட்டர் அதற்கு ஏர்த் கொடுக்காவிட்டால், டிஸ்ரிபியூட்டரிலிருந்து வரும் சிக்னல் இல்லாமல் இருக்கக்கூடும். அப்போது பெரும்பாலும் ஸ்பார்க்கும் இருக்காது.

தொடுமுனை கருகியிருந்தால் ரிலேயை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். பம்ப் ஓடும்போது அதன் வயரில் அம்பியர் அளந்து பாருங்கள். இந்த அளவு வான்களில் 4 முதல் 8 வரை வழக்கம். அதைத் தாண்டினால் பில்டர் அடைத்திருக்கிறது அல்லது பம்ப் இறுகுகிறது, புதிய ரிலேயும் அதே வழியில் போகும். தாங்கியைக் காய்ந்த நிலையில் வைத்து ஓடுவதும் பம்ப்பைச் சூடாக்கும், ஏனெனில் அதைக் குளிர்விப்பது பெற்றோல்தான்.

ரிலேயை எடுத்துவிட்டு வயரால் நிரந்தரமாகப் பாலம் போட்டு ஏ9 வீதியில் ஓடுவோர் இருக்கிறார்கள். வான் புரண்டு எஞ்சின் நின்றால் பம்ப்பை நிறுத்துவது இந்த ரிலேதான். பாலம் போட்ட வானில், திறப்பு ஓனில் இருக்கும்வரை அறுந்த குழாயால் பெற்றோல் பீறிக்கொண்டே இருக்கும். பாலத்தைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பழைய ரிலேயைக் கையில் கொண்டுபோய், அதே இலக்கம், அதே கால் அமைப்பு உள்ள புதியதை வாங்குங்கள்.