ஒளியைத் தேடிப் போகும் ரோபோவில் எல்டிஆர் (வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும் சென்சார்) சர்க்யூட் பேட்டரியைத் தின்னாமல் இருக்க என்ன செய்வது?

இரண்டு எல்டிஆர்களைத் தொடராக 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இணைத்து, நடுப்புள்ளியை ஒரே அனலாக் பின்னுக்குக் கொடுங்கள். இருபக்கமும் ஒரே வெளிச்சம் என்றால் அர்டுயினோ என்ற கன்ட்ரோலர் போர்டில் 512-ஐ (0 முதல் 1023 வரையான அளவில் நடு) ஒட்டி வரும். ஒரு பக்கம் நிழல் விழுந்தால் எண் ஏறும் அல்லது இறங்கும், அவ்வளவுதான்.

சிக்கல் வெயிலில்தான். அறைக்குள் பல ஆயிரம் ஓம் காட்டும் எல்டிஆர், நல்ல வெயிலில் சில நூறு ஓம்களுக்கு இறங்கிவிடும். ஆளுக்கு 500 ஓம் என்று வையுங்கள்: 5 வோல்ட்டில் 5 மில்லிஆம்பியர் ஓயாமல் ஓடும். அதனால் மேல்முனையை 5 வோல்ட்டில் நேரடியாக இணைக்காமல் ஒரு டிஜிட்டல் பின்னில் இணையுங்கள். பின்னை ஹை ஆக்கி, 2 மில்லிசெகண்ட் பொறுத்து, படித்துவிட்டு உடனே லோ ஆக்குங்கள். 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்தால் போதும், சராசரி 0.1 மில்லிஆம்பியர்தான் வரும். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம், அர்டுயினோ ஊனோ போர்டு மட்டுமே 40 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். சென்சாரில் மிச்சம் பிடித்தது தெரிய வேண்டுமானால் அந்த போர்டில் இருக்கும் ஏடிமெகா328 சிப்பை மட்டும் தனியாக வைத்து, நடுநடுவே ஸ்லீப்பில் (மிகக் குறைவாக இழுக்கும் தூக்க நிலை) போடுங்கள்.