கடுக்கன் போட்ட பாதுஷா

கேள்வி: ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் முகலாய ஓவியங்களைப் பார்த்தபோது, “ஜஹாங்கீர் ஏம்மா பொம்பளை மாதிரி தோடு போட்டிருக்கார்?” என்று பையன் கேட்டான். என்ன சொல்வது?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: அது தோடு இல்லை, கடுக்கன் என்று சொல்லுங்கள். வீட்டில் கொள்ளுத்தாத்தா போட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஜஹாங்கீர் காது குத்திக்கொண்டது 1614-இல், அஜ்மீரில். காய்ச்சலும் தலைவலியுமாகக் கிடந்தவர், பிழைத்து எழுந்தால் காது குத்திக்கொள்வதென்று முடிவு செய்தார். மனசுக்குள் அஜ்மீரின் சூஃபி மகான் குவாஜா முயினுத்தீன் சிஷ்தியின் காது குத்திய அடிமைதானே, அது வெளியிலும் தெரியட்டும் என்பது அவர் கணக்கு. விசுவாசிகளும் பின்னாலேயே குத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு முத்து கொடுத்ததும் பாதுஷாதான். அந்த அவையில் ஆம்பிளைத்தனம் என்றால் எஜமானுக்காக உயிரைக் கொடுக்கும் விசுவாசம். காதுத் துளை அதற்கு முத்திரை.

அடுத்த தடவை படத்தில் முதலில் காதைப் பாருங்கள். ஜஹாங்கீர் காதில் முத்து இருந்தால் ஓவியம் 1614-க்குப் பிந்தியது. வெறும் காது என்றால் பெரும்பாலும் முந்தியது. பிற்காலப் பிரதிகளில் மட்டும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

பிறகு ஜாமா என்ற நீள மேலங்கியின் முடிச்சு. வலது அக்குளுக்குக் கீழே கட்டியிருந்தால் முஸ்லிம், இடது என்றால் இந்து. படத்தில் நிற்பவரின் வலது. நம்முடைய வலது இல்லை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பக்கவாட்டுப் படத்தில் முடிச்சு மறைந்திருந்தால் ஊகிக்காமல் விட்டுவிடுங்கள். தாடியையும் கவனியுங்கள்: அக்பருக்கும் ஜஹாங்கீருக்கும் மீசை மட்டும்தான். ஷாஜஹான் பட்டத்துக்கு வந்தபின்தான் அரியணையில் மறுபடி தாடி.

கேள்வி: மும்தாஜ் இறந்தபோது ஷாஜஹான் அழுதார் என்பது கதைதானே? ஒரு சக்கரவர்த்தி அப்படி அழுவாரா?
– வாசகர், கரோல் பாக்

பதில்: கதை கட்டியது வெளியாள் இல்லை. அவரிடமே சம்பளம் வாங்கிய அவைச் சரித்திரக்காரர்கள் எழுதியது. 1631 ஜூனில் புர்ஹான்பூரில், 14-ஆவது பிரசவத்தில் மும்தாஜ் இறந்தார். பாதுஷா வெள்ளை உடுத்தினார், நகையும் சங்கீதமும் விட்டார், அழுது அழுது கண்ணாடி போடும்படி ஆயிற்று, சில நாளில் தாடி நரைத்தது என்கிறார்கள். நரைத்த வேகம் கொஞ்சம் மிகைதான். ஆனால் அழுவது அவருக்குக் குறைச்சல் என்று நினைத்திருந்தால், அந்தப் பேனாக்கள் வாயைத் திறந்திருக்குமா?

கேள்வி: அதே காலத்தில் நம் பக்கம் ஆணழகு எப்படி இருந்தது?
– வாசகர், ஆர்.கே. புரம்

பதில்: லீவில் ஊருக்குப் போனால் மதுரை புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் சிலையைப் பாருங்கள். ஆண்டது 1623 முதல் 1659 வரை, ஏறக்குறைய ஷாஜஹான் காலம். கைகூப்பி நிற்கிறார், தொப்பை நன்றாகவே முன்னால் தள்ளியிருக்கிறது. சிற்பி அதை மறைக்கப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ராஜா!