அறிவு கூடினால் மகிழ்ச்சி குறையுமா?

இந்தக் கேள்வியில் ஒரு சின்னத் தற்பெருமை ஒளிந்திருக்கிறது. "நான் புத்திசாலி, அதனால்தான் நிம்மதி இல்லை" என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் ஆய்வுகள் அந்தப் பக்கம் நிற்கவில்லை. இங்கிலாந்தின் 2007 மனநலக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 6,870 பேரின் பதில்களை வைத்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐ.க்யூ. குறைவாக இருந்தவர்கள்தான் மகிழ்ச்சியும் குறைவு என்றார்கள். அதற்கும் மூளை மட்டும் காரணமில்லை. குறைந்த வருமானம், உடல்நலக் குறைவு, அன்றாட வேலைக்கே பிறர் துணை தேவைப்படும் நிலை எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

பிறகு ஏன் யோசிப்பவர்களுக்கு இப்படித் தோன்றுகிறது? என்னையே எடுத்துக்கொள்கிறேன். மேலதிகாரி "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். என் மூளை ராத்திரி முழுக்கக் காரணம் தயாரிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு தேடித் தரும். கற்பனை வளம் இருப்பவருக்குக் கவலையும் வளமாகவே வருகிறது. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டுகள் ஆராய்ந்தது, கவலையைத் திரும்பத் திரும்ப மெல்லும் இந்தப் பழக்கத்தைத்தான். செய்பவருக்கு இது பிரச்சினையைத் தீர்ப்பதுபோலவே இருக்கும். ஆனால் ஒரே இடத்தைத்தான் சுற்றிக்கொண்டிருப்போம், மனச்சோர்வும் நீண்டுகொண்டே போகும்.

தன்னுணர்வு, அதாவது மனம் இப்போது எங்கே இருக்கிறது என்று கவனிப்பது, வேறு சமாசாரம். 2010இல் உளவியல் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்தார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்போது மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இனிமையான நினைப்பில் அலைந்தவர்கள்கூட, கைவேலையில் மனம் ஒன்றியிருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை. இது எனக்கே ஆச்சரியம்தான். பகல்கனவையாவது விட்டுவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மனம் கிளம்பிப் போவதைக் கண்டுபிடிக்க ஐ.க்யூ. உதவுவதாகத் தெரியவில்லை. சாதாரணமாகப் பேசும் பலர் அதைச் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள். படித்த மேதாவிகள் மணிக்கணக்கில் அதற்குள்ளேயே கிடக்கிறார்கள்.

உலகில் நடப்பதை அறிந்து வரும் வருத்தத்தை இதோடு சேர்க்க மாட்டேன். போர்ச் செய்தியைப் படித்து ஒருவர் கலங்கினால் அது கோளாறு இல்லை. அதைச் சரிசெய்யத் தியானம் பரிந்துரைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

நான் செய்வது இவ்வளவுதான்: கவலை ஓடத் தொடங்கியதும், "இதில் நேற்று தெரியாத ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொள்வேன். இருந்தால் எழுதி வைத்து அடுத்த வேலையை முடிவு செய்வேன். இல்லையென்றால் எழுந்துபோய்க் கைக்கு வேலை கொடுக்கும் எதையாவது செய்வேன். பாதி நாள் பலிக்கிறது.