புதியவர் வரும் முன் மேசை தயாரா?

வாசகர் கேள்விகள்: அரசுக் கல்லூரிப் பணி

எங்கள் அரசு கலை அறிவியல் கல்லூரியில் துறைக்கு மூன்று பேர்தான். ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக இரண்டு உதவிப் பேராசிரியர்கள் சேரப் போகிறார்கள். சால்வை, பூங்கொத்து ஏற்பாடு செய்துவிட்டோம். வேறு என்ன செய்யலாம்?
– துறைத்தலைவர், தருமபுரி மாவட்டம்

சால்வை போடுங்கள், நல்லதுதான். ஆனால் புதியவரை உண்மையில் வாட்டுவது முதல் மாதச் சம்பளம் வராமல் போவது. வெளியூரில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருப்பார்.

அதனால் பணி ஆணை கிடைத்தவுடனேயே அவரைத் தொலைபேசியில் அழைத்து, கொண்டுவர வேண்டியவற்றைச் சொல்லிவிடுங்கள்: அசல் சான்றிதழ்கள், அவற்றின் நகல் மூன்று தொகுதி, மருத்துவத் தகுதிச் சான்று, பான், ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படங்கள். பெயரைக் கட்டாயம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். சம்பளப் பட்டியல் போடும் அரசின் 'களஞ்சியம்' இணையத்தளத்தில் விவரம் ஏற்றும்போது இந்த வேறுபாட்டில்தான் பெரும்பாலும் வேலை நின்றுபோகும். அந்த மாதப் பட்டியல் கருவூலத்துக்குப் போன பிறகு திருத்தினால், சம்பளம் அடுத்த மாதம் நிலுவையாகத்தான் வரும்.

சேரும் நாளில் முற்பகலிலேயே பணியேற்பு அறிக்கை கொடுக்க வழி செய்யுங்கள். திருநெல்வேலியிலிருந்து இரவுப் பேருந்தில் வருபவர் விடிகாலையில் வந்து இறங்குவார். குளித்து உடை மாற்ற உங்களில் ஒருவர் வீட்டில் இடம் கொடுத்தால், அதைவிடப் பெரிய வரவேற்பு வேண்டாம். முதல்வரும் அலுவலகக் கண்காணிப்பாளரும் அன்று கல்லூரியில் இருப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

அடுத்தது கால அட்டவணை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. பல துறைகளில் மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய தாள்களையெல்லாம் புதியவர் தலையில் கட்டிவிடுவார்கள்: ஐந்து வெவ்வேறு தாள்கள், அதில் இரண்டு வேறு துறை மாணவர்களுக்கான துணைப்பாடம். புதிய தாளில் ஒரு மணி நேரம் பாடம் எடுக்க இரண்டு மூன்று மணி நேரமாவது தயாரிக்க வேண்டும். ஐந்து தாள் என்றால் தூக்கம் போய்விடும், பாடமும் குறிப்பை வாசிப்பதாகச் சுருங்கிவிடும். 6+5+5 என மூன்று தாள்களோடு நிறுத்துங்கள். அதில் ஒன்றாவது அவர் ஆய்வு செய்த பிரிவாக இருக்கட்டும். கடைசி மணி நேரத்தை முழுக்க அவருக்கே தள்ளாதீர்கள். ஊர்ப் பேருந்தைப் பிடிக்க மாணவர்கள் கிளம்பிவிடுவார்கள்; வகுப்பு காலியாவதைப் பார்த்துத் தனக்குப் பாடம் நடத்த வரவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மேசை மேல் ஒரு கோப்பு வையுங்கள்: பாடத்திட்டம், கடந்த மூன்று ஆண்டு வினாத்தாள்கள், மாணவர் பட்டியல், அகமதிப்பீட்டு மதிப்பெண் பிரிக்கும் முறை, நாள் வரிசை (டே ஆர்டர்) அட்டவணை. வகுப்பறைக்கு முதல் நாள் யாராவது கூடவே போய் அறிமுகம் செய்துவையுங்கள்.

இயற்பியல் துறையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஆய்வகப் பொறுப்பு ஒப்படைப்பில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
– உதவிப் பேராசிரியர், விருதுநகர் மாவட்டம்

எண்ணிப் பார்க்காமல் போடாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் நிறமாலைமானி ஆறு என்று இருக்கும். மேசையில் நான்கு இருக்கும், அதில் ஒன்றில் முப்பட்டகம் இருக்காது. கையெழுத்திட்ட நாளிலிருந்து அந்த ஆறுக்கும் நீங்கள்தான் பொறுப்பு; தணிக்கையில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஆய்வக உதவியாளரோடு இரண்டு பிற்பகல் உட்காருங்கள். பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொரு பொருளையும் எடுத்து, 'பயன்பாட்டில் உள்ளது', 'பழுது', 'காணவில்லை' என்று மூன்றில் ஒன்றைத் தனித்தாளில் குறியுங்கள். அந்தத் தாளை இணைத்து, "இணைப்பில் கண்டவாறு பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒப்படைப்பவரும் முதல்வரும் அதில் கையெழுத்திட வேண்டும். இதனால் யாரும் மனம் கோணத் தேவையில்லை. ஒப்படைக்கும் மூத்தவருக்கும் இதுவே பாதுகாப்பு. துறைத்தலைவர்களே முன்வந்து சொல்லித்தர வேண்டிய வேலை இது.

சான்றிதழ் உண்மைத்தன்மைக்கு அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போன தேதியையும் எண்ணையும் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை கேளுங்கள். பதில் வரவில்லை என்பது தகுதிகாண் பருவம் முடித்து ஆணை கேட்கும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது.

21 நாள் அறிமுகப் பயிற்சிக்கு (ஓரியன்டேஷன்) முதல் பருவத்திலேயே போகலாமா?

வேண்டாம். ஆள் குறைந்த துறையில் ஒருவர் மூன்று வாரம் இல்லையென்றால் பாடம் நின்றுவிடும். 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி, அடுத்த நிலைக்கு உயர முனைவர் பட்டம் உள்ளவருக்கே நான்கு ஆண்டு பணி வேண்டும். அதற்குள் முடித்தால் போதும். கோடை விடுமுறையில் வரும் அறிவிப்பைப் பாருங்கள்.

எட்டு ஆண்டாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். நான் நடத்தும் தாளைப் பருவத்தின் நடுவில் புதியவருக்கு மாற்றுகிறார்கள். அவர் மேல் கோபமில்லை. எப்படி நடந்துகொள்வது?
– சேலம் மாவட்டம்

உங்கள் வருத்தம் நியாயமானது. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்திருந்தால், பருவம் முடியும்வரை தாள் உங்களிடமே இருக்கட்டும் என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். பாதியில் கை மாறினால் எந்த அலகு முடிந்தது, யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதில் குழப்பம் வரும், அடிபடுவது மாணவர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முடித்த அலகுகள், மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு மூன்றையும் தேதியிட்டு ஒப்படைத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் துறைத்தலைவர்களுக்கும் ஒன்று: புதியவருக்கு இடம் வேண்டுமென்று கௌரவ விரிவுரையாளரின் மேசையைக் காலி செய்யாதீர்கள். புது மேசைக்கான கோரிக்கையை, புதியவர் சேரும் முன்பே முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள்.