கால்பந்து விளையாடும் பிள்ளைகளுக்குக் கண் பயிற்சி கொடுத்தால் கண்ணும் காலும் ஒத்துழைக்குமா?

உங்கள் மகனுக்கு 13 வயது, பந்து வரும் நேரத்தில் தடுமாறுகிறான், கண் பயிற்சி மையம் ஒன்றில் மாதக் கட்டணம் கேட்கிறார்கள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒன்பது வருடமாகச் சின்னப் பையன்களுக்கு மாலையில் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடிய பையன் ஒருவன் இருந்தான். தரையோடு வரும் பந்தை அழகாக எடுப்பான். உயரத்தில் வந்தால் மட்டும் முன்கூட்டியே குதித்துவிடுவான், இல்லையென்றால் பந்து தலையைத் தாண்டிய பிறகு குதிப்பான். பயம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "பந்து என்ன கடிக்கவாலே போவுது?" என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொள்வான். இப்படியே இரண்டு வருடம் போனது.

அப்புறம் பள்ளியில் நடந்த கண் பரிசோதனை முகாமில் விஷயம் தெரிந்தது. வலது கண் சரியாக இருந்தது, இடது கண்ணுக்கு மைனஸ் மூன்று பவர். ஒரு கண் நன்றாகத் தெரிந்ததால் குறை இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் விழும் பிம்பங்களுக்குள் இருக்கும் சிறு வித்தியாசத்தை வைத்தும் மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. ஒரு பக்கம் மங்கினால் அந்தக் கணக்கு பிசகும். பட்டை வைத்த விளையாட்டுக் கண்ணாடி வாங்கினோம். மற்ற பையன்கள் கேலி செய்தபோது, கண்ணழுத்த நோய் வந்ததால் 1999 முதல் கண்ணாடியோடு ஆடிய நெதர்லாந்து வீரர் எட்கர் டேவிட்ஸின் படத்தைக் காட்டினேன். முதல் நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலே வந்த பந்தைப் பார்த்தவன், "சார், பந்துல தையல் தெரியுது" என்றான். அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, கண்ணில் குறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பயிற்சி உதவுமா? எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது.

சுவரில் மாறி மாறி எரியும் விளக்கைத் தொடுவது, திரையில் ஓடும் புள்ளியைக் கண்ணால் துரத்துவது போன்றவற்றைச் செய்யச் செய்ய அந்த விளக்கிலும் புள்ளியிலும் பிள்ளை கெட்டிக்காரனாவான். மைதானத்துக்கு அது வந்து சேருவதற்குத்தான் சான்று குறைவு. ஆஸ்திரேலியாவில் புரூஸ் அபர்னெதியும் ஜோஆன் வுட்டும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான கண் பயிற்சித் திட்டங்களால் ஆட்டத் திறன் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப் வாங்கிய ஃபுட்போனாட் என்ற பயிற்சி இயந்திரம் வேறு ரகம். 14 மீட்டர் சதுரக் கூண்டுக்குள் வீரர் நிற்பார். எந்தப் பக்கமிருந்தும் பந்து வரும், சுற்றியுள்ள 64 கட்டங்களில் எது ஒளிர்கிறதோ அதற்குள் அடிக்க வேண்டும். அங்கே கண்ணோடு பந்தும் காலும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அதனால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கூண்டில்கூட எதிராளி கிடையாது, கூட ஆடுபவனும் கிடையாது.

நான் பார்த்தவரை, தடுமாறும் பையன்களில் பெரும்பாலோருக்குப் பந்து வந்த பிறகுதான் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. பந்தை நிறுத்தவும் வேண்டும், நிமிர்ந்து தேடவும் வேண்டும், யாரோ வந்து இடிக்கவும் செய்கிறான். கால் பின்னிக்கொள்ளாமல் என்ன செய்யும்? நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் இதைத்தான் ஆராய்ந்தார். பந்து வருவதற்கு முன் வீரர்கள் எத்தனை முறை அதிலிருந்து முகத்தைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். 2013-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்கள் 118 பேர். அதிகம் திரும்பிப் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் போய்ச் சேர்ந்தன. நடுக்கள வீரர் ஃபிராங்க் லாம்பார்டின் கணக்கு விநாடிக்கு 0.62 முறை, அதாவது பத்து விநாடியில் ஆறு தடவை.

எப்போது பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். பாஸ் கொடுப்பவன் பந்தைத் தொடும் நொடியில் கண் பந்தின் மேல் இருக்க வேண்டும். கால் பட்டுப் பந்து கிளம்பிவிட்டால், அடுத்தவன் தொடும்வரை அதன் பாதை பெரும்பாலும் முடிவாகிவிட்டது. அந்த இடைவெளிதான் திரும்பிப் பார்க்கும் நேரம். பார்த்துவிட்டு, பந்து காலுக்கு வருவதற்குள் கண் திரும்ப வந்துவிட வேண்டும்.

இதைப் பழக்க மூன்று பேர் போதும். நடுவில் உங்கள் மகன், முன்னால் 12 அடி தள்ளிப் பந்தோடு ஒருவன், பின்னால் அதே தூரத்தில் இன்னொருவன். முன்னால் இருப்பவன் பந்தைத் தட்டியதும் பின்னால் இருப்பவன் சில விரல்களைக் காட்டுவான். நடுவில் இருப்பவன் திரும்பிப் பார்த்து, பந்து வருவதற்குள் எண்ணைச் சொல்லிவிட்டு, ஒற்றைப்படை என்றால் பந்தோடு திரும்ப வேண்டும், இரட்டைப்படை என்றால் வந்த பக்கமே திருப்பித் தட்ட வேண்டும். முதல் வாரம் பந்து காலுக்கடியில் ஓடிப்போகும். எண்ணைச் சொல்வான், பந்தை விடுவான். கத்தாதீர்கள். எங்கள் பையன்களுக்கு மூன்றாவது வாரத்தில் பிடிபட்டது. தினமும் பத்து நிமிடம் போதும், களைத்த பிறகு செய்யவே வேண்டாம்.

ஜெர்சி நிறத்தையும் கவனியுங்கள். 1996 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மான்செஸ்டர் யுனைடெட் அணி சாம்பல் நிற உடையில் ஆடி, இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. கூட்டத்தின் பின்னணியில் கூட ஆடுபவர்களே கண்ணில் படவில்லை என்று சொல்லி உடையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். முடிவு 3-1, தோல்விதான். ஆனாலும் அதைப் படித்த பிறகு, மணல் மைதானத்தில் நாங்கள் போட்டுவந்த வெளுத்த மஞ்சள் ஜெர்சிகளை ஓரம்கட்டிவிட்டு நீலமும் ஆரஞ்சும் வாங்கினேன். நிமிர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டு, பார்த்தால் தெரியாத நிறத்தை மாட்டிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு உங்கள் மகனை மட்டும் கைபேசியில் படம் எடுங்கள். பந்து அவனிடம் வருவதற்கு முந்தைய பத்து விநாடியில் எத்தனை முறை முகம் திரும்புகிறது என்று வீட்டில் அவனோடு உட்கார்ந்து எண்ணுங்கள். எங்கள் பையன்களில் பலர் ஒன்றில்தான் தொடங்கினார்கள், சிலர் பூஜ்யத்தில். எண்ணைத் தேதியோடு எழுதி வைத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.