கோபக்காரிக்கு எதற்குச் சந்தனம்?

(கும்பகோணத்தில் 31 வருடமாக வாசனைத் திரவியக் கடை வைத்திருப்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு 34 வயது. வங்கியில் கடன் பிரிவில் வேலை. மூன்று வருடமாகச் சந்தன அத்தர்தான் பூசுகிறேன். "உங்க பக்கத்துல வந்தாலே மனசு அடங்குது, நீங்க ரொம்ப அமைதியான ஆள்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் நான் எப்படிக் கத்துவேன் என்பது என் கணவருக்கும் மகனுக்கும்தான் தெரியும். வாசனையை வைத்தே ஒருவர் குணத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, அப்படியென்றால் நான் ஊரை ஏமாற்றுகிறேனா?
வாசகி, திருச்சி

பதில்: இல்லை அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கோபம் வந்தால் தராசுத் தட்டு பறக்கும். தெருமுனை வரைக்கும் குரல் கேட்கும். ஆனால் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வந்து, சந்தனக் கல்லை மடிக்கு எதிரே வைத்து, கட்டையை எடுத்து இழைக்க உட்கார்ந்துவிடுவார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். முதலில் கல் கரகரவென்று சத்தம் போடும். விழுது ஏற ஏற அந்தச் சத்தம் குறைந்து, கடைசியில் அவர் மூச்சு விடுவதுதான் கேட்கும். பத்து நிமிடம். பள்ளிக்கூடத்தில் பணம் கட்டச் சொன்னாலும், மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தாலும், நானும் அக்காவும் அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருப்போம். ஒரு தடவை நான் கணக்கில் தோற்றுப்போன அட்டையை நீட்டினேன். கட்டையைக் கீழே வைக்காமலே பார்த்தார். இழைத்த விழுதை ஒரு விரலால் வழித்து என் நெற்றியில் வைத்துவிட்டு, "போய் இன்னிக்கு மறுபடி படி" என்றார். அதே ஆள் ஒன்பது மணிக்குக் கடைப்பையனைப் போட்டுக் காய்ச்சினார்.

அவர் அந்தப் பத்து நிமிடத்தில் நடித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவும் அவர்தான். தன் கோபத்தைத் தெரிந்து வைத்திருந்த மனிதர் தனக்கென்று ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார்.

இத்தனை வருடக் கடை அனுபவத்தில் நான் கண்டது: சந்தனம் கேட்டு வருகிறவர்களில் சாதுவானவர்களைவிடப் படபடப்பானவர்கள்தான் அதிகம். ஒரு பேருந்து நடத்துனர் மாதம் ஒரு சின்னக் குப்பி வாங்குவார். சட்டைக் காலரின் உள்பக்கம் தடவிக்கொள்வார். "சில்லறைச் சண்டை வந்தா தலையக் குனிஞ்சு ஒரு மூச்சு இழுத்துக்குவேன் அண்ணே" என்பார். அவர் மணத்தை வைத்து அவருடைய தேவையைச் சொல்லலாம். குணத்தைச் சொல்ல முடியாது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கடன் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் கஷ்டத்தைக் காதில் வாங்கிக்கொண்டே "முடியாது" என்று சொல்வது லேசான வேலையா?

உங்கள் கூட்டாளிகள் சொல்வதும் பொய்யில்லை. எலுமிச்சைத் தோலில் மணக்கிற பொருள் 176 டிகிரியில் கொதிக்கும். சந்தன எண்ணெயின் உயிரான சாண்டலால் கொதிக்க 300 டிகிரி தாண்ட வேண்டும். அதனால் அது தோலை விட்டு அவசரமாகக் கிளம்பாது. கை எட்டும் தூரத்துக்குள்தான் நிற்கும். மல்லிகை மாதிரி வாசலிலேயே வந்து கூப்பிடாது. பக்கத்தில் வந்தவருக்கு மட்டும் தெரிகிற மணம், சத்தம் குறைத்துப் பேசுகிறவர் மாதிரித் தோன்றும். அதோடு, நம் ஊர் மூக்குக்குச் சந்தனம் என்றால் கோயில் பிரசாதம், கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கும் கிண்ணம், வேர்க்குருவுக்குப் பாட்டி பூசிய குளிர்ச்சி. அவர்கள் உங்கள் மேசைக்கு வரும்போது அதெல்லாம் சேர்ந்தே வருகிறது. அந்த நிம்மதியில் பாதி அவர்கள் பாட்டிக்குச் சேர வேண்டியது.

சந்தன மரத்தடியில் நின்றிருக்கிறீர்களா? தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் எல்லாரும் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஏமாந்துபோவார்கள். இலை மணக்காது, பூவும் மணக்காது. வெட்டினாலும் வெளியே இருக்கும் வெள்ளை மரத்தில் ஒன்றுமில்லை. நடுவில் வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் மணம். அதையும் கல்லில் இழைத்தால்தான் நன்றாக எழும்பும். இந்தப் பதிலை எழுதும்போது எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது.

ஒன்று செய்து பாருங்கள். காலையில் அலுவலகத்துக்குப் பூசுவதை வீட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். ஒரு கட்டையும் கல்லும் வாங்கி, சாயங்காலம் வந்ததும் கை கால் கழுவிவிட்டு ஐந்து நிமிடம் இழையுங்கள். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் சொட்டச் சொல்லுங்கள். கோபம் வீட்டார் பயப்படும் அளவுக்கு இருக்கிறதென்றால் மட்டும் தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு அத்தர் குப்பி போதாது.

கேள்வி: பூசிக் கால் மணி நேரத்தில் எனக்கே மணம் தெரிவதில்லை. மறுபடி மறுபடி பூசுகிறேன். சரக்கு மட்டமா?
வாசகர், மதுரை

பதில்: மூக்கு பழகிப்போகிறது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். தீக்குச்சித் தலையளவு போதும். வீட்டில் ஒருவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் கூட்டுங்கள். ஆனால் மலிவு விலைக் குப்பியில் 'சுத்தமான சந்தன எண்ணெய்' என்று இருந்தால் நம்பாதீர்கள். அசல் எண்ணெய் கிலோ லட்சம் ரூபாயைத் தாண்டும். ஆரம்பத்தில் நானே ஒரு வியாபாரியிடம் செயற்கைச் சரக்கை அசல் விலைக்கு வாங்கி, வாடிக்கையாளர்களைத் தேடிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். செயற்கை மணம் பூசுவது தப்பில்லை; அதை அசல் என்று விற்பதுதான் தப்பு.

கேள்வி: தோட்டத்தில் ஒரு சந்தனக் கன்று வைத்தேன். உரம் போட்டும் மஞ்சளாகவே நிற்கிறது.
வாசகி, தர்மபுரி

பதில்: தனியாக வைத்திருப்பீர்கள். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துச் சத்து எடுக்கும் மரம். உரத்தைவிட அதற்குத் துணைதான் வேண்டும். கன்றைச் சுற்றித் துவரை விதையுங்கள். துவரையின் காலம் முடிவதற்குள் நின்று வளரும் மரம் ஒன்றையும் பக்கத்தில் நட்டுவிடுங்கள். மரம் உங்கள் நிலத்தில் இருந்தாலும், வெட்டும் காலம் வந்தால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். நல்ல வைரம் பாய 25, 30 வருடம் ஆகும். பேத்தி இருந்தால் அவள் கையால் துவரையைப் போடச் சொல்லுங்கள்.